மறு: பந்தாட்டத் தலைக்காயமும் 'பொறுப்பு' என்ற சொல்லும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். புதிதாக இணைந்தவர்களுக்காக ஒரு வரி: தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்குத் தெற்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீரோடி வரை நீளும் எங்கள் கடற்கரையில் மீன்பிடிக்கு அடுத்தபடியாக இளைஞர்களைப் பிடித்து வைத்திருப்பது பந்தாட்டம், அதாவது கால்பந்து. அவர்களில் பலர் ஆண்டுதோறும் கேரளத்தின் மலப்புறம் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு எழுவர் ஆடும்) போட்டிகளுக்குக் கூலி பேசிக்கொண்டு ஆடப் போகிறார்கள். அவர்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்லும் குழு மேலாளர்களுக்குமாகத் தலைக்காயம் பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுகிறோம். தமிழ்ப்பக்கம் என் கையில் இருக்கிறது. அதில் வரும் 'டியூட்டி ஆஃப் கேர்' (பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சட்டக் கடமை) என்ற தொடருக்கு என்ன எழுதலாம் என்பதே என் கேள்வி.

"பொறுப்பு என்று எழுதிவிட்டுப் போங்கள், எளிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எளிமை எனக்கும் உவப்பானதுதான், ஆனால் அறிக்கையின் இரண்டாம் பத்தியிலேயே அந்தச் சொல் என்னைக் கைவிட்டது. அமெரிக்கக் கால்பந்தில் (பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள்) 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் தலைக்காயப் பாதிப்புகளுக்காகத் தங்கள் தேசிய லீகின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஆகஸ்டில் 76.5 கோடி டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. அந்தத் தொகை எல்லோருக்கும் போதுமா என்ற ஐயத்தால் நீதிபதி அனிதா பிராடி 2014 ஜனவரியில் அதை ஏற்க மறுத்தார். தொகைக்கான உச்சவரம்பு நீக்கப்பட்ட பிறகு 2015 ஏப்ரலில் இறுதி ஒப்புதல் கிடைத்தது. இவ்வளவு பணம் கொடுக்க இசைந்த லீக், தன் பக்கம் தவறு இருந்ததாக அந்த உடன்பாட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. இதை நான் முதலில் இப்படித்தான் எழுதியிருந்தேன்: "பொறுப்பாக நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பொறுப்பேற்காமலேயே லீக் இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்றது." மெய்ப்புப் பார்த்த என் மகள் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சிரித்ததில் பொருள் இருக்கிறது. காயம் படுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று, பட்ட காயத்துக்குக் காரணமாக இருந்தது இன்னொன்று, பிறகு ஈடு கொடுக்க வேண்டியது வேறொன்று. மூன்றையும் 'பொறுப்பு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், மூன்றாவதைச் செய்தவர் முதலாவதையும் செய்துவிட்டதாகத் தோற்றம் தந்துவிடலாம். அந்த லீக் 1994-இல் தலைக்காயங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைவராக இருந்தவர் மூட்டுவாத மருத்துவர். ஆட்டக்காரர்களுக்கு நீடித்த மூளைச்சேதம் எதுவும் தெரியவில்லை என்ற போக்கிலேயே அக்குழு கட்டுரைகளை வெளியிட்டு வந்தது. 2002-இல் 50 வயதில் இறந்த முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்து, அதில் நீடித்த சேதம் இருந்தது என்று நோயியல் மருத்துவர் பென்னட் ஓமலு 2005-இல் கட்டுரை வெளியிட்டபோது, அதைத் திரும்பப் பெறச் சொல்லி அந்தக் குழுவினரே இதழுக்கு எழுதினார்கள். இங்கே தவறிப்போனது முதலாவது கடமைதான். அதற்குத் தனிப்பெயர் இல்லையென்றால் எது தவறியது என்று எழுத நமக்கு வழியில்லை.

அடுத்து, எல்லைக்கு அப்பால் கேரளத்திலிருந்து அன்பர் ஒருவர் 'உத்தரவாதம்' என்ற சொல்லை முன்மொழிந்திருந்தார். மலையாளப் பக்கத்தில் 'உத்தரவாதித்தம்' என்று வரும், இரு பக்கமும் ஒரே சொல்லாக இருந்தால் நன்று என்பது அவர் எண்ணம். எங்கள் ஊர்ச் சந்தைப் பேச்சிலும் 'அதுக்கு உத்தரவாதி யாரு' என்பது கேட்கக்கூடியதே. விடை சொல்ல வேண்டியவன் என்ற அதன் வேர்ப்பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பொதுத்தமிழில் உத்தரவாதம் என்றால் உறுதிமொழி, பிணை. 'குழு மேலாளர் ஆட்டக்காரரின் தலைக்கு உத்தரவாதம்' என்று அச்சிட்டால், நாகர்கோவில்காரர் அதைக் காயமே படாது என்ற வாக்குறுதியாகப் படிப்பார். அப்படி ஒரு வாக்குறுதியை எந்த மேலாளராலும் தர முடியாது. முடியாததைக் கேட்டால், முடிந்ததையும் செய்யாமல் நழுவுவதற்கு அது வசதியாகிவிடும்.

இப்போது காயத்தின் பெயருக்கு வருகிறேன். இதைத் தனி இழையாக்கச் சொன்னீர்கள். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் என்னால் பிரிக்க முடியவில்லை. 2020 டிசம்பரில் கான்பராவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டு, அவருக்குப் பதிலாகச் சகல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தாரே, அன்றைக்குத் தமிழ்ச் செய்திகளில் 'கன்கஷன்' (தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது) என்ற சொல் பரவலாகப் புழங்கியது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு தரப்பு. 'மூளை அதிர்ச்சி' என்பது இன்னொரு தரப்பு. அதிர்ச்சி என்றால் கெட்ட செய்தி கேட்டவனுக்கும் மின்கம்பியைத் தொட்டவனுக்கும் வருவது, ஆகையால் அது வேண்டாம் என்பேன். மலையாளப் பக்கத்துக்கு 'மஸ்திஷ்காகாதம்' என்று ஒருவர் எழுதித் தந்தார். அது அங்கே பக்கவாத நோய்க்கு வழங்குவதால், பந்து பட்டால் கை கால் விழுந்துவிடும் என்று தாய்மார்கள் அலறுவார்கள்.

எங்கள் கரையில் ஆட்டக்காரர்களே சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'பொறி கலங்கிப் போச்சு.' முட்டி மோதி விழுந்து எழுந்தவன் எந்தப் பக்கம் கோல் என்று தெரியாமல் நிற்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. 'பொறிகலக்கம்' என்றே கலைச்சொல் ஆக்கிவிடலாம் என்று நானே மூன்று நாள் துள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு கைவிட்டேன். காரணம் 2014 உலகக்கோப்பை இறுதியாட்டம். அதில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் தலை மோதி விழுந்தார். எழுந்து ஏறக்குறைய கால்மணி நேரம் ஆடினார். இடையில் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் சென்று, இதுதான் இறுதியாட்டமா என்று கேட்டார். பொறி கலங்கியவனுக்குத் தன் பொறி கலங்கியது தெரியாது. தெரிந்தாலும் அன்றைய கூலி போய்விடும் என்று சொல்லமாட்டான். பொறிகலக்கம் என்பது அடிபட்டவனின் வாய்ச்சொல்லை நம்பி நிற்கும் பெயர். அதை அறிக்கையில் போட்டால், 'அவன் ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் ஆடவிட்டோம்' என்ற மறுமொழிக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். 'மூளையதிர்வு' என்பது உறுப்பையும் அதற்கு நேர்ந்ததையும் சொல்கிறது. அதை வெளியே நிற்பவர்தான் கண்டறிய வேண்டும் என்பது பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே அதுவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறி கலங்குதலை அடையாளங்களுள் ஒன்றாக விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர் யார் கையைச் சுட்டுகிறது என்பதற்கு இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்லின் வழக்கு நல்ல சான்று. வெஸ்ட் புரோமிச் ஆல்பியன் அணிக்காகத் தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் பெயர்பெற்ற அவர் 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தார். மூளைச்சேதத்தால் நேர்ந்த அந்த இறப்பை அந்த ஆண்டே மரண விசாரணை அதிகாரி 'தொழில்சார் நோய்' என்று பதிவு செய்தார். விதி, முதுமை, விளையாட்டு விபத்து என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். 'தொழில்' என்ற அந்த ஒரு சொல்லால், வேலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி தானாக எழுந்தது. ஆயினும் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, நரம்புச் சிதைவு நோயால் அவர்கள் இறப்பது பொதுமக்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் காட்ட 2019 வரை ஆயிற்று. 2020-இல்தான் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தச் சொன்னது.

எனவே முதலாவது கடமைக்கு என் பரிந்துரை 'பேணற்கடமை'. ஈடு கொடுப்பதற்கு 'ஈடுசெய் கடப்பாடு'. நடுவில் இருப்பது வெறும் 'தவறு', அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. உங்கள் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

களியக்காவிளையிலிருந்து

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சித்தூர் நீதிமன்றத்தில் மலையாளத்தில் மனு எழுதிவிட்டு, வெளியே கட்சிக்காரர்களிடம் அதையே தமிழில் விளக்குவது என் அன்றாட வேலை என்பதால், இந்த இழை எனக்கு மிகவும் நெருக்கமானது. மூளையதிர்வு பற்றி எனக்கு மறுப்பில்லை. பேணற்கடமைதான் உறுத்துகிறது. பேணுதல் என்றால் பெற்றோரைப் பேணுவது, பிள்ளையைப் பேணுவது. அதில் அன்பு கலந்திருக்கிறது. அன்பைச் சட்டத்தால் கேட்டுப் பெற முடியாது, 'நான் அவனை என் தம்பி மாதிரிதான் பார்த்துக்கொண்டேன்' என்று எந்த மேலாளரும் கண்கலங்கச் சொல்லிவிடலாம்.

'காப்புக்கடமை' என்றும் யோசித்துப் பார்த்தேன். காப்பீட்டோடு குழம்பும். காப்பீட்டுத் தொகையைக் கட்டிவிட்டோம், காப்புக்கடமை தீர்ந்தது என்பார்கள்.

நான் முன்வைப்பது 'கவனக்கடமை'. சட்டத்தில் இதற்கு எதிர்ச்சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. விபத்துச் செய்தி படிக்கும் எவருக்கும் 'கவனக்குறைவு' தெரியும். கவனக்கடமையில் தவறுவதுதான் கவனக்குறைவு. ஒன்றைச் சொன்னால் மற்றது தானே விளங்கும்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் செவன்ஸ் ஆட்டக்காரர்களில் பலருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேச்சுதான். ஒப்பந்தம் இல்லாததால் கடமையும் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இந்தக் கடமை என்ற கருத்து வேரூன்றிய 1932-ஆம் ஆண்டு வழக்கில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்த் தேநீர்க்கடை ஒன்றில் குடித்த இஞ்சிப் பானத்தில் நத்தை கிடந்ததாகப் புகார் சொன்ன பெண்மணி அந்தப் புட்டியை விலைக்கு வாங்கவே இல்லை, உடன் வந்த தோழிதான் வாங்கினார். தயாரிப்பாளருக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. என் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நான் முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய எவரும் என் அயலார்தான் என்று நீதிபதி ஆட்கின் பிரபு சொன்னார். இந்த ஒரு கருத்தாவது அறிக்கையில் இருக்க வேண்டும்.

* * *

அன்புள்ள அம்மா,

நத்தை வழக்கு எனக்குப் புதிது, நன்றி. பேணற்கடமையை நான் விட்டுக்கொடுக்கிறேன். மூன்று நாள் சுமந்த சொல்லை இறக்கி வைப்பதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனாலும் கவனக்குறைவோடு இணை சேரும் உங்கள் சொல்லுக்கு முன் அது நிற்காது.

எனக்கு ஒரே ஓர் அச்சம் மிச்சம். மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் எல்லோரும் ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்துவது 'கவனமா ஆடுடே' என்பதுதான். கவனம் என்ற சொல் ஏற்கெனவே அவன் தலையில் கட்டப்பட்ட சொல். 'கவனக்கடமை' என்று தனியே எழுதினால், கவனமாக ஆடவேண்டியது அவன் கடமை என்று படிக்கப்படும், நாம் பட்ட பாடெல்லாம் வீணாகும். எனவே அறிக்கையில் அந்தச் சொல் ஓரிடத்திலும் தனித்து வரக்கூடாது. 'குழுவின் கவனக்கடமை', 'போட்டி நடத்துவோரின் கவனக்கடமை' என்று உடையவரின் பெயரோடுதான் வரவேண்டும். நம் மடற்குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போதும் இக்குறிப்பைச் சேர்க்குமாறு பட்டியலைப் பராமரிக்கும் நண்பரை வேண்டுகிறேன்.

திருத்திய பத்தி இது:

"தலையில் மோதல் ஏற்பட்ட ஆட்டக்காரருக்கு மூளையதிர்வு இருக்கலாம் என்ற ஐயம் தோன்றினாலே அவரை வெளியே அழைப்பது குழுவின் கவனக்கடமை. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதைக் காரணமாகக் கொண்டு அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறக்கக்கூடாது. அவருக்கும் குழுவுக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதால் இக்கடமை இல்லாமற்போகாது. பேசிய கூலியை, அவர் பாதியில் வெளியேறினாலும், முழுமையாகக் கொடுக்க வேண்டும்."

கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை முந்தைய மூன்று வாக்கியங்களும் காகிதத்தில்தான் இருக்கும். குழு மேலாளர்கள் இருவர் அதை நீக்கச் சொல்லிவிட்டார்கள், ஒருவர் இருக்கட்டும் என்கிறார். வெள்ளிக்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் மலையாளப் பக்கத்தில் இந்த நான்கு வாக்கியங்களையும் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

களியக்காவிளையிலிருந்து