நம் பெயரில் உள்ள விக்கித்தரவு உருப்படியை நாமே திருத்தலாமா?

தொடுவானம்:
விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் என் பெயருக்கு ஓர் உருப்படி, அதாவது ஒரு தகவல் பக்கம், இருப்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நான் உருவாக்கியதில்லை. ஆய்வுக் கட்டுரைகள் வழியாக யாரோ ஒரு பயனர் ஏற்றியிருக்கிறார். அதில் இரண்டு சிக்கல். என் பெயரே உள்ள வேறொருவரின் கட்டுரைகள் சில என் கணக்கில் வந்து சேர்ந்திருக்கின்றன. நான் இயற்பியல், அவர் மீன்வளம். இன்னொன்று, பிறந்த தேதி நாள், மாதம், ஆண்டு என முழுதாகக் கிடக்கிறது. அதிலும் ஆண்டு மட்டும்தான் சரி. உள்நுழைந்து நானே மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தன் பக்கத்தைத் தானே தொடக் கூடாது என்று ஒரு நண்பர் தடுக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏட்டுச்சுரை:
நண்பர் சொன்னதுதான் சரி. உருப்படியைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். 2005-இல் ஜிம்மி வேல்ஸ் தன்னைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையைத் தானே திருத்தினார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறிப்பிட்ட இடங்களில் கை வைத்தார். அது செய்தியாகி, செய்திருக்கக் கூடாது என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. நிறுவியவருக்கே அந்த கதி. ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினால் தகவல் தளம் போய் விசிட்டிங் கார்டு அடுக்குதான் மிஞ்சும்.

முக்காலி:
நீங்கள் சொல்வது விக்கிப்பீடியா, அவர் கேட்பது விக்கித்தரவு. அங்கே பத்தி பத்தியாக எழுத இடமே இல்லை. பிறந்த தேதி என்பது போல ஒரு பண்பு, அதற்கொரு மதிப்பு, கூடவே சான்று. மீன்வளக் கட்டுரை என்னுடையதல்ல என்று ஒருவர் சொல்வதில் என்ன தற்பெருமை வந்துவிடும்? தன் கணக்கைக் குறைக்கச் சொல்லித்தானே கேட்கிறார்!

அப்புறம், பேச்சுப் பக்கம். பத்துக் கோடிக்கு மேல் உருப்படிகள் உள்ள இடம் அது. பெரும்பாலானவற்றுக்குப் பேச்சுப் பக்கம் காலி. அங்கே எழுதினால் யார் வந்து படிக்கப் போகிறார்கள்?

ஏட்டுச்சுரை:
பத்தி இல்லாததால்தான் எனக்குப் பயம் அதிகம். விக்கித்தரவின் உருப்படிகளில் உள்ள தரவு முழுக்க சிசி-ஜீரோ என்ற கட்டுப்பாடில்லாத உரிமத்தில் இருக்கிறது. யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். தேடுபொறி எடுக்கிறது, பல மொழி விக்கிகளின் தகவற்பெட்டிகள் எடுக்கின்றன. 'பெற்ற விருது' என்ற பண்பில் ஒரு வரி நுழைத்தால் அது எங்கெங்கோ போய்விடும். தற்பெருமைக்கு இடமில்லை என்கிறீர்கள், தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர், சிந்தனையாளர், தொழில்முனைவோர் என்று வரிசையாக அடுக்கிய உருப்படிகளை நீங்கள் பார்த்ததே இல்லையா?

யாரும் படிக்கவில்லை என்றால் வெளியே எழுதலாம். ஜான் சைகந்தாலர் அப்படித்தான் செய்தார். கென்னடி கொலையில் அவர்மேல் சந்தேகம் இருந்ததாக 2005-இல் எவரோ எழுதிய பொய் நான்கு மாதம் விக்கிப்பீடியாவில் கிடந்தது. அவர் பத்திரிகையில் எழுதினார், உலகமே திரும்பிப் பார்த்தது.

முக்காலி:
அவர் வாழ்நாளெல்லாம் பத்திரிகைக்காரர். எழுதினால் போட ஆள் இருந்தது. நம் இயற்பியல்காரர் எந்த நாளிதழுக்கு எழுதுவார், 'மீன் குஞ்சு பற்றிய கட்டுரை என்னுடையதல்ல' என்றா?

தரவுப்பூச்சி:
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள், கேட்டவருக்கு வேலை ஆக வேண்டும். தொடுவானம், கட்டுரைக் கலப்பு உங்கள் உருப்படியில் நடந்ததே இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி உருப்படி உண்டு. அதில் ஆசிரியர் பெயர் முதலில் வெறும் எழுத்துகளாக, பி2093 என்ற பண்பில் இருக்கும். பிறகு யாராவது ஒரு கருவியை வைத்து அந்தப் பெயரை ஓர் ஆளின் உருப்படியோடு இணைப்பார், அது பி50. தலைப்பெழுத்தும் பெயரும் ஒத்துப்போனால் தப்பான ஆளிடம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, மீன்வளக் கட்டுரைகளின் உருப்படிகளுக்குப் போய் பி50-ஐ எடுத்துவிட்டு மறுபடி பி2093 ஆக்குங்கள். அவருக்கும் உருப்படி இருந்தால் அதற்கே மாற்றிவிடலாம். ஆசிரியர் வரிசை எண் கூடவே இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். இரண்டு உருப்படிகளும் இருந்தால் இரண்டிலும் 'இதிலிருந்து வேறானது' என்ற பி1889-ஐச் சேருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி இணைத்துவிடுவார். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் உங்கள் 16 இலக்க ஓர்சிட் எண்ணும் இருந்தால் குழப்பம் இன்னும் குறையும்.

பிறந்த தேதியை மட்டும் அழிக்க வேண்டாம். அதன் சான்றைத் திறந்து பாருங்கள், ஏதாவது நூலகப் பட்டியலாக இருக்கும். நீங்கள் அழித்தால் ஒரு தானியங்கி அதே பட்டியலிலிருந்து திரும்பவும் கொண்டுவந்து போடும். அதனால் அந்தக் கூற்றின் தரநிலையைக் கடைசிப் படிக்கு இறக்கி, ஏன் இறக்கினோம் என்பதை பி2241-இல் குறிக்க வேண்டும். சாதாரண வினவல்களில் அது பிறகு வராது. பக்கத்திலேயே சரியான தேதியைச் சான்றோடு சேர்த்துவிடலாம்.

தொடுவானம்:
இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஆனால் சரியான தேதியைப் போடவே எனக்கு விருப்பமில்லை. பிறந்த தேதி கேட்டு ஆளை உறுதிசெய்யும் இடங்கள் எத்தனை! ஆண்டு மட்டும் இருந்தால் போதும். தப்பான நாளும் மாதமும் ஒரு மூலையில் கிடப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஏட்டுச்சுரை:
இதைத்தான் சொன்னேன். பிழை திருத்தம் என்று தொடங்கியது, இப்போது எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்பதற்கு வந்துவிட்டது.

முக்காலி:
உயிரோடு இருக்கும் ஆள் ஐயா! ஆங்கில விக்கிப்பீடியாவின் விதியே இதுதான். முழுத் தேதி பரவலாக வெளியாகியிருக்க வேண்டும், அல்லது அவரே வெளியிட்டிருக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. விக்கித்தரவிலும் தேதிக்குத் துல்லிய அளவு உண்டு. நாள் வரை என்றால் 11, ஆண்டு வரை என்றால் 9.

நிழற்குடை:
இடையில் ஒரு சின்னக் கேள்வி. எனக்கு உருப்படியே இல்லை, நானே ஒன்று தொடங்கிக்கொள்ளலாமா?

முக்காலி:
வேண்டாம்.

ஏட்டுச்சுரை:
முக்காலியும் நானும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான். வேறு யாரும் உங்களைப் பற்றிப் பொதுவெளியில் பொறுப்பாக எழுதியிருக்காவிட்டால் நீக்கிவிடுவார்கள்.

தொடுவானம், கட்டுரை உருப்படிகளில் நீங்களே கை வைப்பதற்கு எனக்கு மறுப்பில்லை. உங்கள் பயனர் பக்கத்தில் நீங்கள் யார் என்று எழுதிவிட்டுச் செய்யுங்கள். சொந்த உருப்படியை மட்டும் தொடாதீர்கள். தேதியை நான் மாற்றித் தருகிறேன். ஆண்டுக்குச் சான்று என்ன?

தொடுவானம்:
எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் என் தன்விவரம் இருக்கிறது. ஆண்டு மட்டும் போட்டிருக்கும்.

முக்காலி:
அந்தத் தன்விவரத்தை எழுதியது யார்?

தொடுவானம்:
நான்தான்.

ஏட்டுச்சுரை:
சிரிக்காதீர்கள் முக்காலி. பிறந்த ஆண்டுக்கு அது போதும், விருதுக்கு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இணைப்பைத் தனிமடலில் அனுப்புங்கள் தொடுவானம், இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.