பி.ஆர்க் முடித்தவர்களுக்குப் பயண நிதி: இந்தியாவில் இருந்துகொண்டு எங்கே கேட்கலாம்?

முகப்புத்தூண் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் கட்டடக்கலையில் பி.ஆர்க் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு சின்ன ஆஃபீஸில் வேலை பார்க்கிறேன். என் தீசிஸ் கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டை வைத்துச் செய்தது. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு என்று முழு வீட்டையும் அளந்து வரைந்தோம். அப்போதிருந்தே ஒரு கேள்வி விடாமல் இருக்கிறது. இந்த வீடுகளைக் கட்டிய பணம் கடல் தாண்டிச் சம்பாதித்தது, ஆனால் சம்பாதித்த இடத்தில் அவர்கள் எப்படிப்பட்ட கட்டடத்தில் இருந்தார்கள்? கிட்டங்கி என்கிறார்கள், அதாவது வட்டிக்கடைகள் இருந்த கட்டடம், அங்கே பெட்டியடியில், பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதி இரவில் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள் என்கிறார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இதெல்லாம் வருகிறது, ஆனால் அளவோடு ஒரு பிளான், ஒரு செக்‌ஷன் என் கண்ணில் படவே இல்லை.

பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு மூன்றுக்கும் போய் மிச்சம் இருப்பதை வரைய ஆசை. நெட்டில் தேடினால் பயண நிதிப் பட்டியல் நீளமாக வருகிறது, உள்ளே போனால் "அமெரிக்கக் கல்லூரி மாணவர்", "எங்கள் பள்ளியில் படித்தவர்" என்று கதவு மூடிவிடுகிறது. மாஸ்டர்ஸ் பண்ணாத, வேலையில் இருக்கிற, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவர் உண்மையிலேயே எதற்கு விண்ணப்பிக்கலாம்? ப்ரொபோசல் எப்படி எழுத வேண்டும்? வீட்டில் வேறு "பொண்ணு தனியா போகணுமா" என்று கேட்கிறார்கள், அதற்கும் பதில் வேண்டியிருக்கிறது.

செங்கல்சூளை எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி. முதலில் எது உனக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சம். ரீபா (பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகள் சங்கம்) தரும் நார்மன் ஃபாஸ்டர் ஸ்காலர்ஷிப் எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். அது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, அதுவும் கல்லூரி ஒரே ஒருவரைத்தான் பரிந்துரைக்கும். ஜூனியர்கள் இருந்தால் சொல்லி வை, நீ தாண்டிவிட்டாய். பாஸ்டனில் இருக்கும் ரோட்ச் பயண ஸ்காலர்ஷிப் 1883இல் தொடங்கியது, கார்டன் பன்ஷாஃப்ட் மாதிரிப் பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் அதில் போனவர்தான், ஆனால் அது மாசசூசெட்ஸில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும். எஸ்.ஓ.எம். என்ற அமெரிக்கக் கட்டடக்கலை நிறுவனத்தின் ஃபவுண்டேஷன் கொடுப்பதெல்லாம் நாடு, கல்லூரி பார்த்துப் பிரித்தவை.

பாஸ்போர்ட் பார்க்காத பெரிய நிதி என்றால் ஹார்வர்டின் வீல்ரைட் பரிசு. 1935இல் தொடங்கி நெடுங்காலம் அங்கே படித்து முடித்தவர்களுக்கு மட்டும் இருந்தது, ஐ.எம். பெய், பால் ருடால்ஃப் மாதிரிப் பெரிய ஆர்க்கிடெக்டுகள் எல்லாம் அந்தக் காலத்தில் வாங்கியவர்கள். 2013இல் உலகம் முழுக்கத் திறந்துவிட்டார்கள். 1,00,000 டாலர், வருடத்துக்கு ஒருவர். செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்டீட்மன் ஃபெலோஷிப்பும் வெளிநாட்டவருக்கு உண்டு, பட்டம் வாங்கி 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்.

உன் விஷயத்துக்கு நான் முதலில் பார்ப்பது சிகாகோவின் கிரஹாம் ஃபவுண்டேஷனைத்தான். கட்டடக்கலை பற்றிய ஆராய்ச்சி, புத்தகம், கண்காட்சி இவற்றுக்குத் தனிநபர்களுக்கே பணம் தருகிறார்கள், எந்த நாட்டவரும் கேட்கலாம், ஆராய்ச்சிக்கு 10,000 டாலர் வரை. வழக்கமாக செப்டம்பர் நடுவில் கடைசித் தேதி வரும். பயணம் அதில் ஒரு செலவுக் கணக்குதான், தலைப்பு கிடையாது. ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்கிறவருக்குக் கொடுக்க மாட்டார்கள், இன்ன கட்டடம், இன்ன கேள்வி, முடிவில் இன்ன வரைபடம் என்று சொல்கிறவருக்குக் கொடுப்பார்கள்.

இந்தியாவுக்குள் செய்ய வேண்டிய வேலைக்கு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப்பையும் பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸையும் பார். பெங்களூருக்காரர்களிடம் ப்ரொபோசலைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். உன்னிடம் பேசிய ஆச்சிமார், பெரியவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத முடியும் என்பதற்காகவே அதை நான் சொல்கிறேன்.

தளமட்டம் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் வீல்ரைட்டைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. படித்து முடித்துப் பதினைந்து வருடம் வரை ஆனவர்களும் அதில் போட்டி போடுகிறார்கள், சொந்த ஆஃபீஸ் வைத்தவர்கள், புத்தகம் போட்டவர்கள், கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள். ஒரு வருட அனுபவத்தோடு அதற்கு உட்கார்ந்து மாதக்கணக்கில் எழுதுவதை விட, அந்த நேரத்தில் சிறியதாக ஒன்றை முடித்துக் கையில் வைத்துக்கொள்வது மேல். பிறகு அதே வேலையைக் காட்டிப் பெரியதைக் கேட்கலாம்.

உங்கள் ப்ரொபோசலில் எனக்குத் தெரியும் சிக்கல் ஊர்களின் எண்ணிக்கை. மூன்று நாடு என்றதுமே படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகரப் புதுப்பிப்பில் இடிபட்டுவிட்டன, அங்கே அளக்க ஒன்றும் இல்லை. இருப்பது காப்பகம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் பழைய புகைப்படங்களையும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் ஆன்லைனில் வைத்திருக்கிறது, திருச்சியிலேயே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கலாம். கொழும்புச் செட்டியார் தெரு இப்போது முழுக்க நகைக்கடை, உள்ளே எவ்வளவு மாறியிருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பினாங்கு ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு தெரு, அதில் இரண்டோ மூன்றோ கட்டடம், முழு மெஷர்டு டிராயிங். நாசா (இந்தியக் கட்டடக்கலை மாணவர் சங்கம்) நடத்தும் லூயி கான் டிராபி போட்டிக்குக் கட்டடத்தை அளந்து டாக்குமெண்டேஷன் செய்த கைக்கு இது புதிது இல்லை.

கேள்வியையும் இன்னும் கூர்மையாக்கலாம். "எப்படி இருந்தார்கள்" என்பது பெரிய வலை. ஒரே கூடத்தில் பல கடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு மேசைப்பலகை, பகலில் கடன் கேட்டு வருபவர்கள், இரவில் அதே தரையில் பாய். சுவரே இல்லாமல் ஒரு முதலாளியின் இடம் எங்கே முடிகிறது, அடுத்தவர் இடம் எங்கே தொடங்குகிறது என்பதை எது தீர்மானித்தது? தூணா, தரையின் ஓட்டு வரிசையா, வெளிச்சம் வரும் இடமா? இந்தக் கேள்விக்குப் பதில் நேரில் போய் டேப் பிடித்து அளந்தால் மட்டும்தான் கிடைக்கும். ஊரில் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அறை கொடுத்த அதே ஆட்கள் அங்கே சுவரில்லாமல் இருந்திருக்கிறார்கள், உங்கள் தீசிஸ் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்தால் ஒரே ஷீட்டில் வாதம் நின்றுவிடும். அந்த ஷீட்டைத்தான் ப்ரொபோசலின் முதல் பக்கத்தில் வைப்பேன், வலது பாதி இனி வரையப்போகும் பினாங்கு கட்டடத்துக்காகக் காலியாக.

இன்னொன்று, கிளம்புவதற்கு முன் சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய் வாருங்கள். ரோஜா முத்தையாவே செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், நகரத்தார் அச்சிட்ட சின்னச் சின்ன வெளியீடுகள் அங்கே இருக்கும் அளவுக்கு வேறு எங்கும் பார்ப்பது கஷ்டம்.

முகப்புத்தூண்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வலது பாதி காலி என்ற யோசனை பிடித்துவிட்டது, சனிக்கிழமை உட்கார்ந்து வரைந்து பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். பர்மாவை விட்டுவிட்டால் கதை அரைகுறை ஆகாதா, பெரும் பணம் அங்கேதானே போனது? அப்புறம், லண்டனில் பழைய ஆவணங்கள் இருக்கின்றன, சார்லஸ் வாலஸ் டிரஸ்டுக்குப் போடு என்று சார் ஒருவர் சொன்னார். அது இதற்குப் பொருந்துமா?

செங்கல்சூளை:

பர்மாவை இப்போது தொடாதே. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே போய்க் கட்டடம் அளக்கிறேன் என்று எழுதினால் நிதி கொடுப்பவர் பாதுகாப்பை நினைத்தே தள்ளிவைப்பார். ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு வரி எழுது, போதும். தெரிந்துதான் விட்டிருக்கிறாள் என்று அவர்களுக்குப் புரியும்.

சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் 1981இல் தொடங்கியது, கலை, பாரம்பரியப் பாதுகாப்பு ஆகியவற்றில் வேலையின் தொடக்கத்திலும் நடுவிலும் இருக்கும் இந்தியர்களுக்குப் பிரிட்டனில் படிக்க, ஆராய உதவுகிறது. முழுச் செலவையும் ஏற்காது, பங்குதான். ஆனால் உன் தலைப்புக்கு நிஜமான காரணம் இருக்கிறது: பினாங்கும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தவை, அதனால் அந்தக் காலத்து ஆவணங்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆஃபீஸ் தொகுப்பில் கிடக்கின்றன. நில வரைபடம், தெரு சர்வே மாதிரி எது வேண்டும் என்று கேட்டலாக்கில் தேடி எண்ணோடு எழுதினால்தான் எடுபடும். பினாங்கு வேலை முடிந்து, இன்ன காகிதம் தேவைப்படுகிறது என்று தெரிந்த பிறகு அதற்குப் போடு. வயது வரம்பும் இருக்கும், அந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டுத் தொடங்கு.

பணம் முன்னால் வருமா, பில் காட்டிய பிறகு வருமா என்பதையும் ஒவ்வொன்றிலும் பார். சம்பளம் குறைவாக இருக்கும்போது இது பெரிய விஷயம். இதை வெளிப்படையாக மெயில் போட்டுக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தண்ணீர்மலை எழுதியது:

பினாங்கில் இருக்கிறேன், அதனால் இடம் பற்றி மட்டும் சொல்கிறேன். பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கோயிலைச் சேர்ந்த கோவில் வீடு இருக்கிறது, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலையில் இருக்கும் அவர்கள் முருகன் கோயிலுக்குக் கிளம்பும். கட்டடம் பயன்பாட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தைப்பூச வாரம் மாதிரி வேறு வாரம் இல்லை. ஆனால் அந்த வாரம் யாரும் டேப் பிடிக்க விட மாட்டார்கள், கூட்டம் அப்படி. முன்னாடியே வந்து ஆட்களைப் பழகிக்கொள்ளுங்கள், விழா முடிந்து ஒரு வாரம் கழித்து அளக்கத் தொடங்குங்கள். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம், மழை கொட்டும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இங்கே கட்டடம் வரைய வருபவர்கள் நிறைய, அதனால் ஆட்களுக்கு இது புதிது இல்லை. அனுமதி மட்டும் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். கோயில் நிர்வாகத்துக்கு இப்போதே ஒரு கடிதம் போடுங்கள், தமிழில், கானாடுகாத்தான் வீட்டின் பிளானையும் சேர்த்து. ஊர் வீட்டை இவ்வளவு பொறுமையாக வரைந்த பிள்ளை என்று தெரிந்தால் பெரியவர்கள் கதவைத் திறப்பார்கள். அவர்கள் கொடுக்கும் பதில் கடிதத்தையே ப்ரொபோசலோடு இணைக்கலாம், கல்லூரி ஆசிரியர் தரும் சிபாரிசை விட அதற்கு எடை அதிகம்.

இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் வரும் வசதி 2023 டிசம்பரில் வந்தது. கிளம்பும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம், காப்பகம் வழியாக வேலை செய்வதென்றால் ஆராய்ச்சி அனுமதி தனி, அதற்கு மாதங்கள் ஆகும், இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒருவரைப் பிடித்துக் கேட்பது நல்லது.

வீட்டில் கேட்பதற்கு: திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து பினாங்குக்குப் பஸ்ஸே உண்டு. லிட்டில் இந்தியாவில் தங்கினால் கோவில் வீடு நடை தூரம், சாப்பாடும் தமிழும் பக்கத்திலேயே. முதல் வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கோயிலில் பெரியவர்களிடம் அவர்களே பேச்சுக் கொடுத்துவிடுவார்கள், உங்களுக்கும் வேலை சுலபமாகும்.