விமான நிலைய வாசலில் அப்பாவின் முகத்தைப் பதிந்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

தாமிரபரணிக் கரை:

போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு 74 வயது. அவர் விமானம் ஏறியது இது மூன்றாவது தடவை. எந்த ஊரில் ஏறினோம் என்பதை எழுதவில்லை. இது எங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

காரிலிருந்து இறங்கியதும் பெட்டிகளோடு அப்பாவை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ட்ராலி எடுக்கப் போனேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வந்தால் அப்பா ஒரு தூண் பக்கம் நிற்கிறார். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் அப்பாவின் செல்போனையே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, கண்ணாடியைக் கழட்டுங்க, நேரா பாருங்க, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பா கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோவில் நிற்பதுபோல் கைகளை உடம்போடு ஒட்டி வைத்து நிற்கிறார். கண்ணாடி இல்லாவிட்டால் செல்போன் திரையில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது.

நான் பக்கத்தில் போய்க் கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “சார், இனிமே தாத்தாவுக்கு லைன் கிடையாது, முகத்தைக் காட்டினா கேட் திறக்கும்” என்று செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பையன் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டான்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவிடம் நிதானமாகக் கேட்டேன். “டிக்கெட் இருக்கா தாத்தா” என்று ஆரம்பித்திருக்கிறான். செல்போனை வாங்கி ஏதோ ஏற்றியிருக்கிறான். ஆதார் அட்டையைக் கேட்டிருக்கிறான். ஓடிபி வந்திருக்கிறது. அதை அப்பா ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவனிடம், நடைபாதையில் நின்றுகொண்டு! வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸிலும் “ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று இருப்பதைப் படித்து எங்களுக்கே எச்சரிக்கை செய்கிறவர் அவர். ஏன் சொன்னீர்கள் என்றேன். “சொல்லாட்டி உள்ளே விடமாட்டாங்களோன்னு நினைச்சேன்பா” என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அப்பா தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். மணியார்டர் வாங்க வரும் பாட்டிகளிடம் கைநாட்டு வாங்கும்போது, எவ்வளவு பணம், யார் அனுப்பியது என்று படித்துக் காட்டி, பக்கத்தில் ஒரு சாட்சியையும் நிறுத்தாமல் அந்தக் கட்டை விரலைத் தொடமாட்டார். அதை நான் சின்ன வயதில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரின் முகத்தை, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

முகத்தைக் காட்டி உள்ளே போகும் அந்த ஏற்பாடு கட்டாயமா? பதிந்ததை நீக்க முடியுமா? அந்த ஓடிபியால் வேறு ஏதாவது ஆபத்து உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாரக் கடைசிப் பயணி:

சகோ, நீங்கள் சொல்வது டிஜி யாத்ராவாகத்தான் இருக்கும். கட்டாயம் இல்லை. விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகமே பல தடவை சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி மூன்றிலும் தொடங்கினார்கள். அப்புறம்தான் மற்ற ஊர்களுக்கு வந்தது.

நான் கோவையிலிருந்து பெங்களூருக்கு மாதம் இரண்டு தடவையாவது போய்வருகிறேன், அதைத்தான் பயன்படுத்துகிறேன். எனக்குப் பிடித்தும் இருக்கிறது. திங்கட்கிழமை அதிகாலை விமானத்துக்கு வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்து, என்ன கேட்கிறார்கள் என்று படித்துப் பார்த்துவிட்டு, என் கையால் பதிந்துகொண்டேன். உங்கள் அப்பாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. வசதி நல்லதுதான், அவரிடம் நடந்துகொண்ட முறை தவறு.

அவர்கள் சொல்லும் ஏற்பாட்டின்படி முகமும் ஆதார் விவரமும் நம் செல்போனிலேயே இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் போர்டிங் பாஸை ஏற்றும்போது, கிளம்பும் விமான நிலையத்துக்கு மட்டும் அது போகும். விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அங்கிருந்து அழித்துவிட வேண்டும். அதனால் முதலில் ஆப்புக்குள் போய், சேமித்து வைத்திருக்கும் அடையாளத்தை நீக்குங்கள். அதற்குப் பிறகு ஆப்பையே எடுத்துவிடுங்கள்.

நாகர்கோவில் நெட்வொர்க்:

ஓடிபி பற்றி நான் சொல்கிறேன். ஒரு ஓடிபி ஒரு தடவைக்குத்தான், சில நிமிடம்தான் அதற்கு உயிர். அதனால் பதற வேண்டாம். ஆனாலும் இன்றே மூன்று வேலை பாருங்கள். ஆதார் இணையதளத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டு உள்ளே போனால், கடந்த ஆறு மாதத்தில் அவர் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும். பயணத் தேதியைத் தாண்டி, உங்களுக்குத் தெரியாத எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே கைரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிவிடுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரும் அங்கேயே கிடைக்கும். இனி எந்த ஓட்டலிலும் நகல் கேட்டால் அதைக் கொடுங்கள்.

இன்னொன்று. அப்பாவும் நீங்களும் ஏறும்போது போர்டிங் பாஸோடு படம் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டிருப்பீர்கள், எல்லாரும் செய்கிறோம். அந்தச் சீட்டில் இருக்கும் பார்கோடில் பெயர், விமான எண், இருக்கை, முன்பதிவு எண் எல்லாம் அப்படியே இருக்கிறது. செல்போனில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் போதும், படித்துவிடலாம். குடும்பப் பெயரும் முன்பதிவு எண்ணும் இருந்தால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் அந்த டிக்கெட்டையே திறக்கலாம். 2020-ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் தன் போர்டிங் பாஸைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண் வரைக்கும் போய்விட்டார். நல்ல வேளை, கண்டுபிடித்தவர் நல்லவர், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சீட்டை முழுசாகக் குப்பையில் போடாமல் கிழித்துப் போடுங்கள்.

பழைய விமானப்படை:

என் கருத்து கொஞ்சம் வேறு. 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வர வேண்டிய விமானத்தைக் கடத்திக் கந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முழுக்க நாங்கள் எப்படி இருந்தோம் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான், 2000-லிருந்து, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களுக்கு வந்தது. பாதுகாப்பு என்றால் நம் பக்கத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். முகத்தைக் காட்டுவதில் என்ன குறைந்துவிடும்?

தாமிரபரணிக் கரை:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அப்பாவும் சொல்லமாட்டார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கையை விரிக்கச் சொன்னார்கள், விரித்தார். முழங்காலில் போட்டிருக்கும் உறையைத் தடவிப் பார்த்தார்கள், பொறுமையாக நின்றார்.

ஆனால் அந்த முகப் பதிவு அந்தச் சோதனைக்குப் பதிலாக வந்தது இல்லையே. முகத்தைக் காட்டி உள்ளே போனவர்களும் அதே உலோகச் சோதனை வாசலில் நின்றார்கள், அவர்கள் பையும் அதே எக்ஸ்ரேயில்தான் போனது. முகம் பார்ப்பது ஆள் யார், டிக்கெட் இருக்கிறதா என்பதற்கு. அதை இத்தனை காலம் வாசலில் நிற்கும் வீரர் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துச் செய்துகொண்டுதான் இருந்தார். இன்றைக்கும் செய்கிறார்.

உடம்பைத் தடவிப் பார்ப்பது அந்த இடத்தோடு முடிந்துபோகிறது, ஐயா. முகம் அப்படி இல்லை. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். 74 வயதில் அவர் முகத்தை எப்படி மாற்றுவார்?

மடிப்பாக்கம் அம்மா:

தம்பி சொல்வது சரி. பெண்களைத் துணித் திரை போட்ட அந்தச் சின்னக் கூண்டுக்குள் அழைத்து, ஒரு பலகையில் ஏறி நிற்கச் சொல்லிச் சோதிப்பார்கள், இல்லையா? உள்ளே இருப்பதும் பெண்தான். எனக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை ஆன வருடம், நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் “அம்மா, எங்கயாவது வலி இருக்கா, எந்தப் பக்கம் தொடக்கூடாது” என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தாள். அந்த ஒரு கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அதே கட்டடத்தின் வாசலில் கேட்காமல் ஒருவர் முகத்தை எடுக்கலாம் என்றால் எப்படி?

நாகர்கோவில் நெட்வொர்க்:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவர் ஒப்புக்கொள்வது என்றால், எதற்கு என்று தெரிந்து, தன் விருப்பத்தோடு, தெளிவாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது அது. கொடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்குவதும் கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பற்றிய பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே இப்போதைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. ஆனால் புகார் எழுதத் தடை இல்லை. டிஜி யாத்ராவை நடத்துவது 2019-ல் தொடங்கிய லாப நோக்கமில்லாத ஒரு தனி நிறுவனம். விமான நிலைய ஆணையத்துக்கு அதில் 26 சதவீதம், மிச்சம் பெரிய விமான நிலையங்களை நடத்தும் ஐந்து நிறுவனங்களுக்கு. உங்கள் புகார் வாசலில் நின்ற ஆளைப் பற்றியது என்பதால், முதலில் அந்த விமான நிலையத்துக்கே எழுதுங்கள்.

வாரக் கடைசிப் பயணி:

நானும் எழுதுகிறேன், சகோ. நேற்று யோசித்துப் பார்த்தேன். நான் அந்த வாசலில் வேகமாக உள்ளே போகும்போது பக்கத்தில் எத்தனை பெரியவர்களிடம் செல்போனை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு நாளும் நின்று கவனித்ததில்லை. அடுத்த வாரம் கவனிப்பேன்.

தாமிரபரணிக் கரை:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆதார் கணக்கைப் பார்த்தேன், பயணத்து அன்றைக்கு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. கைரேகையைப் பூட்டிவிட்டேன். ஆப்பை நான் நீக்கவில்லை, அப்பாவையே நீக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து, கடைசியில் அழுத்தினார். கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வரும்போது டெல்லியில் வாசலுக்குப் போவதற்கு முன்பே என்னை நிறுத்திவிட்டு, தானே அந்த வீரரிடம் போய், தனக்குத் தெரிந்த இந்தியில், “முகம் காட்டுவது கட்டாயமா” என்று கேட்டார். அவர் சிரித்த முகத்தோடு இல்லை என்று சொல்லி, அடையாள அட்டை வரிசையைக் கையால் காட்டினார். அப்பா வாக்காளர் அட்டையையும் டிக்கெட்டையும் நீட்டினார். வீரர் அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், உள்ளே போகச் சொன்னார். மொத்தம் பத்து நிமிடம் நின்றிருப்போம்.

புகாரை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முழுத்தாளில் தன் கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். “கைநாட்டு வாங்கும்போதுகூடப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தது இந்த அரசாங்கம்தான்” என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பதிவுத் தபாலில்தான் அனுப்புவேன் என்று தபால் நிலையத்துக்குப் போனார். 2025 செப்டம்பரிலேயே அதை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் கவுண்டரில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். விரைவுத் தபாலிலேயே போட்டுவிட்டு வந்தார். ரசீது அவர் சட்டைப் பையில் கண்ணாடியோடு இருக்கிறது. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.