புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டில் வெல்வெட் திரை, பழைய கண்ணாடி

ஹோலை 1930களின் ஆர்ட் டெகோ (நேர்கோட்டு வடிவங்களும் பளபளப்பும் கொண்ட அலங்கார) பாணியில் அமைக்கிறேன், இந்த மலையகப் பனி ஈரத்தில் வெல்வெட் திரை பூஞ்சணம் பிடிக்கிறது, பழைய கண்ணாடியில் கரும்புள்ளி விழுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னதில் பலித்தது தக்கைத் துண்டு யோசனைதான். கண்ணாடியின் நான்கு மூலைக்குப் பின்னாலும் தக்கை ஒட்டி, சுவரிலிருந்து அரை அங்குலம் விலக்கி மாட்டினேன். மூன்று வாரமாகப் புதுப் புள்ளி இல்லை. பழையவை போகாது, பின்பக்க வெள்ளிப் பூச்சே அரித்துவிட்டது. அந்த மங்கலும் எனக்குப் பிடித்திருக்கிறது. திரையைத் தரையில் படாமல் ஏற்றித் தைத்தேன், அதுவும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது பித்தளை விளக்கு. புளி போட்டுத் தேய்த்த இடத்தில் மஞ்சள் போய் இரும்பு தெரிந்தது. வெறும் முலாம்! முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் புளி வேண்டாம், மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.