அப்பாவுக்கு கிரியான் 25000: குறைந்த விலையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். கணையப் புற்றுநோய்க்கு விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியை எடுப்பது) முடிந்து அப்பா வீட்டில் இருக்கிறார். ஆபரேஷன் செலவு முதல்வர் காப்பீட்டில் போய்விட்டது. இப்போது கையைக் கடிப்பது கிரியான்தான், சாப்பாடு செரிக்கக் கணைய நொதி தரும் காப்ஸ்யூல். முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று, வடை தின்றாலும் ஒன்று. விலையைப் பார்த்து அவரே குறைத்துக்கொள்கிறார், பிடிவாதக்காரர். உடனே மலத்தில் எண்ணெய் மிதக்கிறது, எடையும் இறங்குகிறது.

மக்கள் மருந்தகத்திலோ அம்ரித் மருந்தகத்திலோ பான்கிரியாட்டின் 25000 (கிரியானில் இருக்கும் அதே மருந்து) வாங்கியவர்கள் உண்டா? வேறு கம்பெனி மருந்து ஒத்துக்கொண்டதா? கடைக்காரர் நீட்டும் சாதாரண செரிமான மாத்திரையில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் ரொம்பக் குறைவு, அது போதாது. எதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்றுவோம். மதுரைப் பக்கம் அரசு மருத்துவமனையில் சீட்டு காட்டி இலவசமாக வாங்குகிறவர்கள் இருந்தால், எந்தப் பிரிவில் கேட்பது என்று சொல்லுங்கள்.