வீட்டில் எறியும் பொருட்களில் முன்பள்ளிக் கற்றல் சாதனம்: எதைச் சேர்ப்பது, எப்படிச் செய்வது?

மாங்குளம்_முன்பள்ளி
வணக்கம். மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராம முன்பள்ளி, மூன்றரை வயது முதல் 20 பிள்ளைகள். சாமான் வாங்கக் காசில்லை, வீடுகளில் எறிகிற பொருட்களைச் சேர்த்துச் செய்ய இருக்கிறோம். சுவரில் தொங்கவிடும் அலங்காரம் வேண்டாம், பிள்ளை கையில் எடுத்துச் செய்ய வேண்டும். எண், எழுத்து, ஒலி வேறுபாடு மூன்றுக்கும் எதைக்கொண்டு தொடங்கலாம்? பெற்றோரிடம் என்ன கேட்கலாம்?

வயற்கரை
எண்ணுக்கு முட்டைத் தட்டும் சோடாப் போத்தல் மூடியும் போதும். கடைக்கு முட்டை வரும் மட்டைத் தட்டில் 30 குழி, ஐந்தைந்தாக ஆறு வரிசை. இரண்டு வரிசைக்கு ஒரு துண்டாக வெட்டினால் ஒரு தட்டில் மூன்று பத்துக்குழிச் சட்டம் வரும். உங்களுக்கு 7 தட்டு, 200 மூடி.

மேல் வரிசை நிரம்பிய பிறகுதான் கீழ் வரிசையில் போட வேண்டும். இந்த ஒழுங்கை மட்டும் விடாதீர்கள். 7 மூடி போட்ட பிள்ளை மேலே 5, கீழே 2 என்று கண்ணாலேயே பிடித்துவிடும். பத்துக்கு இன்னும் எத்தனை என்றால் வெறுங்குழியைப் பார்த்துச் சொல்லும். கண்டபடி போட விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து எண்ணும். மூன்றரை வயதுக்காரருக்கு ஐந்து குழி ஒற்றை வரிசை காணும்.

முட்டை உடைந்து கறை பட்ட தட்டை எடுக்கவே வேண்டாம். மட்டையைக் கழுவ முடியாது, வெயிலில் காயவிட்டாலும் கிருமி செத்தது என்று நம்ப முடியாது. கறையில்லாத தட்டென்றாலும் விளையாடி முடிய சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். பிளாஸ்ரிக் தட்டு கிடைத்தால் அதுதான் நல்லது.

நெடுங்கேணி_டீச்சர்
டீச்சர், சேர்க்கத் தொடங்க முன் ஒரு விசயம். பிள்ளைகளிடம் “கண்டெடுத்ததைக் கொண்டு வாங்கோ” என்று ஒருநாளும் சொல்லாதேங்கோ. எங்கட பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியேல்லை. இரும்போ, தகரமோ, வடிவான பிளாஸ்ரிக் துண்டோ, காணிக்குள்ளும் பற்றைக்குள்ளும் பொறுக்குகிற பழக்கமே வரக்கூடாது. தாய் தகப்பன்தான் குசினியிலிருந்து எடுத்துத் தரவேணும். கடிதத்தில் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கோ: சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல், பால்மாப் பெட்டி.

வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல், உரப்பை இரண்டும் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். மூடியை மட்டும் பார்த்து அது மருந்துப் போத்தலினதா என்று சொல்ல ஏலாது. ஆனபடியால் மூடியைப் போத்தலோடையே வாங்கி, பள்ளியில் வைத்துக் கழற்றுங்கோ. எண்ணுறதுக்குக் குன்றிமணி, ஆமணக்கு விதை கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கோ, இரண்டும் நஞ்சு.

சோடா மூடி ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் அகலம். அந்த அளவுச் சாமான் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையில் அடைக்கும். தம்பி தங்கச்சியையும் கூட்டி வருகிற நாளில் மூடிப் பை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பூநகரி_தரம்1
எழுத்துக்கும் அதே மூடிதான். மேற்புறத்தில் மார்க்கரால் எழுதினால் வியர்வைக் கை பட்டு அழியும். கடதாசியில் இரண்டரை சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி, எழுதி, மூடியின் உட்குழிவில் வைத்துச் செலோரேப் ஒட்டுங்கள். எழுத்துக்கு அடியில் சிவப்புக் கோடு கட்டாயம். வட்ட மூடிக்கு மேல் கீழ் தெரியாது. கோடில்லாவிட்டால் ‘ப’வைக் கவிழ்த்தும் ‘ட’வைப் படுக்க வைத்தும் பிள்ளை பழகிவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

முன்பள்ளியில் பிள்ளையின் பெயரில் வரும் முதல் எழுத்தோடு நிறுத்துங்கள். உயிர்மெய் தரம் 1க்கு வந்த பிறகு பார்க்கலாம். அந்த வகுப்பு எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: க முதல் ன வரை 18 எழுத்தும் நீல மூடியில், அரவு (ா), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), ஐகாரக் குறி (ை) சிவப்பு மூடியில். ‘கா’வுக்கு வலப்பக்கம் ஒரு சிவப்பு, ‘கை’க்கு இடப்பக்கம் ஒன்று, ‘கொ’வுக்கு இருபக்கமும். கையால் அடுக்கும்போதே பிள்ளைக்குப் பிடிபடும். இதே முறையை இகரத்துக்கும் உகரத்துக்கும் நீட்டப் போய்த்தான் பலர் குழப்புகிறார்கள். ‘கி’யில் குறி எழுத்தோடு ஒட்டி நிற்கும். கு, டு, பு, நு ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு, கழற்றிப் பூட்ட முடியாது. அவற்றை முழு எழுத்தாக ஒரே மூடியில் எழுதுங்கள்.

மாங்குளம்_முன்பள்ளி
மிக்க நன்றி. மூடியைப் போத்தலோடு வாங்குவது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒலிக்கு என்ன செய்யலாம்? போத்தலுக்குள் அரிசி போட்டால் வண்டு வருகிறதாமே?

வயற்கரை
வரும். வெறுஞ்சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரே அளவான 500 மில்லிலீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் 6 எடுங்கள். கழுவி, ஈரம் போகக் காய வையுங்கள். மணல் இரண்டில், அரிசி இரண்டில், புளியங்கொட்டை இரண்டில். ஒவ்வொன்றிலும் மூடியால் அளந்து ஐந்து மூடி. அளவு கூடினால் ஒலி அமுங்கிவிடும். சோடி இரண்டிலும் அளவு வேறுபட்டால் சரியாகக் கேட்கிற பிள்ளைக்கும் பிழையாகத்தான் வரும். வெளியே கடதாசி சுற்றி மறையுங்கள். சோடிக்கு ஒரே நிறப் புள்ளி அடிப்பக்கத்தில். பிள்ளை குலுக்கிச் சோடி சேர்த்த பிறகு கவிழ்த்துத் தானே சரி பார்க்கட்டும், நாங்கள் சொல்லத் தேவையில்லை.

மூடியைப் பசையால் ஒட்டி விட்டுவிடாதீர்கள். அந்தப் பிளாஸ்ரிக்கில் சாதாரணப் பசை பிடிக்காது, சில நாளில் கழன்று புளியங்கொட்டை வாய்க்குப் போகும். இறுக்கித் திருகி, கழுத்தைச் சுற்றி அகல ரேப் மூன்று சுற்று. கிழமைக்கு ஒருமுறை திருகிப் பாருங்கள்.

நெடுங்கேணி_டீச்சர்
வைக்கிற இடத்தையும் இப்பவே யோசியுங்கோ. மட்டை, பெட்டி எல்லாம் நிலத்தில் வைத்தால் கறையான் அரிக்கும், சீலைப் பையில் போட்டுக் கூரை வளையில் கட்டித் தூக்குங்கோ. மிஞ்சின போத்தலை வெளியில் குவிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணி தேங்கினால் ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பு பறக்கும், டெங்கு வந்துவிடும். தேவையான அளவை மட்டும் கேட்டு வாங்கி, மிச்சத்தை மூடி போட்டு இறுக்கி உள்ளே வையுங்கோ.