ஞாயிறு இரத்தச் சோதனைக்கு யார் யாரை ஏற்றி வருவது

கோயில் செயலாளர், இரவு 8.12
வணக்கம் எல்லாருக்கும். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு கோயில் மண்டபத்தில் இனிப்பு நீர், இரத்த அழுத்தச் சோதனை. அரசாங்கச் சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாதான் ஆட்கள் வருகிறார்கள், ஊர் நலம் பார்க்கும் கொஸ்பென் தொண்டர்களும் உண்டு. முடிந்ததும் அன்னதானம், பாயசத்தோடு.

நர்ஸ் அக்கா, 8.15
அண்ணே, சர்க்கரை பார்த்துவிட்டுப் பாயசமா?

கோயில் செயலாளர், 8.16
உபயக்காரர் சொல்லிவிட்டாரம்மா. இப்போது வேண்டாம் என்றால் அவர் மனைவி என்னிடம் பேசமாட்டார்.

ஒட்டுக்கடை அண்ணன், 8.24
பாயசத்தை விடுங்கள், நான் ஒன்று கேட்கிறேன். போன வருஷமும் இதே மண்டபம், இதே மேசை. ஒரு கம்பெனி ஆட்கள் வந்து விரலைக் குத்தி, எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் தாளில் 14 என்று இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டு ரொட்டி சானாய் வீசப் போய்விட்டேன். கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் கிளினிக் போனேன். இந்தத் தடவை தாள் கையில் வந்த பிறகு என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்.

நர்ஸ் அக்கா, 8.25
14-ஆ? அது ரொம்ப அதிகம். அண்ணே, அன்றைக்கே என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாமே.

டிரெசர் ஐயா, 8.41
தம்பி கேட்பது சரி. நான் தோட்டத்து டிரெசராக மருந்து கொடுத்த நாளில், ஊர் பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த காலத்தில், அதாவது 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறுவதற்கு ரொம்ப முன்னால், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் மேற்பார்க்கும் தண்டல் என்னிடம் சொல்வார், நான் லயத்துக்கே போய்ப் பார்ப்பேன். இப்போது ஆளுக்கொரு தாமானில், வீடமைப்புப் பகுதியில் இருக்கிறோம், யார் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? போன மாதம் ஒருவர் காலைக் காட்ட வந்தார். செம்பனை முள் குதிகாலில் ஏறி ஒரு வாரம் ஆகியிருக்கிறது, சுற்றிலும் கறுத்துவிட்டது, மனிதர் சிலிப்பர் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடந்து வருகிறார். வலிக்கவே இல்லையாம். இனிப்பு நீர் முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும். அப்படியே கூட்டிக்கொண்டு கிளினிக் போனேன். ஞாயிற்றுக்கிழமை விரலை மட்டும் குத்தாதீர்கள், சிலிப்பரைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பாருங்கள்.

நர்ஸ் அக்கா, 8.52
பார்க்கலாம் ஐயா, நீங்களே அந்த நாற்காலியில் உட்காருங்கள்.
அண்ணன் கேட்டதற்குப் பதில்: அளவு கூடியவர்களுக்கு அங்கேயே கிளினிக் தேதி எழுதிக் கொடுப்போம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான், மருந்தும் அதற்குள். ஆனால் தேதி கொடுத்தால் பாதிப் பேர் வருவதில்லை, பயத்தைவிட வண்டி இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2019 தேசிய ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஒருவர். அத்தனை பேரையும் நான் ஒருத்தி போன் அடித்துக் கூப்பிட முடியாது.

பள்ளி பி.ஐ.பி.ஜி. அக்கா, 8.58
அதை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சம்மதம் சொல்கிறவர்களின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி, முதல் நாள் மாலை கூப்பிடுவோம். சர்க்கரை எண்ணெல்லாம் எழுத மாட்டோம், அது கிளினிக் வேலை. வேனுக்கு சூராவ் (தொழுகை இடம்) பக்கம் கேட்டேன், தருகிறார்கள், அங்குள்ள மலாய் மக்சிக்குகளும் சோதனைக்கு வருகிறார்களாம்.
அப்புறம், அரசாங்க உதவியான எஸ்.டி.ஆர். பணம் வாங்குகிற 40 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் கணவன் மனைவியும் ஐ.சி. கொண்டு வரவும். பெக்கா பி40 இலவசச் சோதனைக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்.

மேல் லயத்து அத்தை, 9.03
மாமாவுக்கு மாத்திரை இருக்கிறது, சாப்பிடுவதில்லை. வயிற்றைக் கலக்குகிறதாம். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார், பாகற்காய்ச் சாறு மட்டும் குடிக்கிறார். இது அவருக்குத் தெரியவேண்டாம், குழுவில்தான் இருக்கிறார்.

மேல் லயத்து மாமா, 9.04
படித்துவிட்டேன்.

நர்ஸ் அக்கா, 9.07
மாமா, திட்டமாட்டேன். டின்னோடு வாருங்கள். மெட்ஃபார்மின் பலருக்கு முதலில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும், மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
எல்லாருக்கும்: பட்டினியாக வர வேண்டாம். மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் வழக்கம்போல் பசியாறிவிட்டு வரவும், எப்போது சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வரிசையில் மயங்கி விழுந்தால் எனக்குத்தான் வேலை.

ஒட்டுக்கடை அண்ணன், 9.15
சரி, இப்போது நம்பிக்கை வருகிறது. தண்ணீர், சீனி போடாத கோப்பி ஓ கொசோங், கொண்டைக்கடலை என் செலவு. கடையிலும் இனிமேல் தே கேட்டால் கெட்டிப்பாலைக் கேட்டுத்தான் ஊற்றுவேன். வியாபாரம் குறைந்தால் குழுவில் வந்து அழுவேன்.

கோயில் செயலாளர், 9.22
உபயக்காரர் மனைவியிடம் பேசினேன். பாயசம் சாமிக்கு மட்டும், பிரசாதமாக ஒரு கரண்டி. நமக்கு சாம்பார், கீரை, சோறு கொஞ்சம் குறைவாக. அந்த அம்மாவுக்கே போன மாதம் சர்க்கரை 11 இருந்ததாம், இவ்வளவு நாள் சொல்லவே இல்லை.

மேல் லயத்து மாமா, 9.30
வேன் எத்தனை மணிக்கு?

பள்ளி பி.ஐ.பி.ஜி. அக்கா, 9.31
7.15 மாமா, உங்கள் வீட்டில்தான் முதலில்.

மேல் லயத்து அத்தை, 9.33
வாசலில் நிற்போம், ஹாரன் அடிக்க வேண்டாம். மருமகள் நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருப்பாள்.